செலவும் ஆவரேஜும்: ஒரு பழைய பிக்கப் வண்டியின் கணக்கு

ஒரு வண்டி எவ்வளவு எரிபொருளுக்கு எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பதைக் குறிக்க இந்தியாவில் இரண்டு இரவல் சொற்கள் வழங்குகின்றன. தமிழில் அது 'மைலேஜ்'. இந்தியிலும் மராத்தியிலும் சாலையோரப் பேச்சில் பெரும்பாலும் 'ஆவரேஜ்'. இரண்டும் ஆங்கிலத்தின் வழியே வந்தவை. இரண்டும் தம் பழைய பொருளை வரும் வழியில் உதறிவிட்டவை. 'ஆயிரம் எட்டு' என்று பொருள்படும் லத்தீன் தொடரிலிருந்து பிறந்தது மைல். 1956ஆம் ஆண்டின் எடைகள், அளவைகள் சட்டத்துக்குப் பிறகு மெட்ரிக் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது; மைல்கல்லில் கிலோமீட்டர் ஏறியது. ஆனால் மைலேஜ் போகவில்லை. மைலையே அறியாத தலைமுறையும் லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்பதை மைலேஜ் என்றே வழங்குகிறது. ஆவரேஜ் என்னும் சொல்லின் கதை இதைவிட நீளமானது. அதற்கு முன் கவனிக்க வேண்டியது இச்சொற்களுடன் வரும் வினை.

வண்டி எவ்வளவு 'கொடுக்கிறது' என்பதே தமிழிலும் இந்தியிலும் மராத்தியிலும் கேள்வியின் வடிவம். கணக்கு நன்றாக இருக்கும்வரை வண்டி கொடுக்கும். கணக்கு கெட்டதும் வினை மாறுகிறது. அதே வண்டி டீசலைக் 'குடிக்கிறது'. கொடுக்கும்போது எழுவாய் ஒரு கொடையாளி. குடிக்கும்போது ஒரு குடிகாரன். இரண்டு வாக்கியங்களும் சுட்டுவது ஒரே நிகழ்வைத்தான். எந்த வண்டியும் எதையும் கொடுப்பதில்லை. எரிபொருளைச் செலவிட்டு நகர்கிறது, அவ்வளவே. எனினும் 'கொடுத்தல்' என்னும் வினை ஓர் அளவையைத் தேர்ந்தெடுத்துக் கையில் தருகிறது. தூரம் மேலே, எரிபொருள் கீழே. காசு கொடுத்து வாங்கிய பொருள் வகுக்கும் எண்ணாகக் கீழே மறைந்துகொள்ள, காசில்லாமல் கிடைத்ததுபோன்ற தூரம் முன்னே வந்து நிற்கிறது. இந்த இலக்கணம் ஒரு குடும்பத்தின் மாதக் கணக்கை எந்த அளவுக்கு மறைக்கக்கூடும் என்பதற்குப் புனே மாவட்டத்துப் பிக்கப் ஓட்டுநர் ஒருவரின் ஓராண்டு சான்றாகிறது.

புனே – நாசிக் நெடுஞ்சாலையில், புனேயிலிருந்து வடக்கே உள்ளது நாராயண்காவ். தக்காளிச் சந்தைக்குப் பேர்போன ஊர். அருகிலுள்ள கோடத் சிற்றூரில்தான் 45 மீட்டர் விட்டமுள்ள முப்பது தட்டுகளை வானுக்குத் திருப்பி வைத்திருக்கும் மாபெரும் ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. அந்தத் தட்டுகள் விண்மீன் திரள்களின் மெல்லொலியைக் கேட்டுக்கொண்டிருக்க, கீழே சாலையில் இரவெல்லாம் பிக்கப் வண்டிகள் தக்காளிக் கூடைகளைச் சுமந்துகொண்டு மன்சர், ராஜ்குருநகர், சாகண் வழியே புனே குல்டேக்டி சந்தை வளாகத்துக்கு விரைகின்றன. ஒரு வழித் தூரம் ஏறத்தாழ 80 கிலோமீட்டர்.

அந்த ஓட்டுநர் வாங்கியது இரண்டு கை மாறிய டீசல் பிக்கப். நிலத்தில் வந்ததைக் கொண்டு முன்பணம் கட்டி, மிச்சத்துக்குக் கடன் வாங்கியிருந்தார். ஒரு நடைக்கு 75 கூடை. கூடைக்கு 40 ரூபாய் வாடகை. மாதத்துக்கு 25 நடை. ஆக மாத வரவு 75,000 ரூபாய். போகவர 160 கிலோமீட்டர் வீதம் மாதத்துக்கு 4,000 கிலோமீட்டர். வண்டியின் 'ஆவரேஜ்' பத்து. லிட்டர் 90 ரூபாய் என்று கொண்டால் 400 லிட்டருக்கு 36,000 ரூபாய். கடன் தவணை 11,500. சுங்கம், டயர், பழுது, சுமைக்கூலி எல்லாம் சேர்த்து 12,500. மிஞ்சுவது 15,000. அந்தப் பதினைந்தாயிரத்தில்தான் நான்கு பேர் கொண்ட குடும்பமும், பதினோராம் வகுப்பு படிக்கும் மகளின் படிப்பும், முதிய தாயின் மருந்தும். ஒரு டயர் வெடித்தாலோ ஒரு வாரம் சந்தை சரிந்தாலோ தவணை தவறும். தீபாவளிக்குள் நிலை மாறாவிட்டால் வண்டியை விற்றுவிட்டு, அருகே சாகண் தொழிற்பேட்டையில் ஒப்பந்தக் கூலியாகச் சேர்ந்துவிடுவது என்று வீட்டில் முடிவாகியிருந்தது.

பத்து என்பது பன்னிரண்டாக வேண்டும். அதுவே அவருடைய ஆசை. கேட்பதற்குச் சிறியது. ஆனால் அந்தச் சிறு மாற்றத்தின் கணக்கைப் போட்டுப் பார்த்தால் அதன் எடை தெரியும். பன்னிரண்டானால் மாதத்துக்கு 333 லிட்டர் போதும்; 67 லிட்டர் மிஞ்சும்; ரூபாயில் ஏறத்தாழ 6,000. ஆவரேஜ் இருபது விழுக்காடு உயர்கிறது. டீசல் செலவு பதினேழு விழுக்காடு குறைகிறது. குடும்பத்தின் கையில் நிற்கும் பணமோ 15,000இலிருந்து 21,000 ஆகி நாற்பது விழுக்காடு கூடுகிறது. மெல்லிய இலாபத்தில் வாழ்வோருக்குச் செலவில் நேரும் சிறு மாற்றமே வாழ்வில் பெரிய மாற்றம். வசதியுள்ளவரின் காரில் இரண்டு கிலோமீட்டர் கூடினால் அது பெருமை பேசும் விஷயம். இங்கே அது வண்டி நிற்குமா விற்குமா என்னும் கேள்வி.

ஆசை உள்ள இடத்தைத் தேடிச் சந்தையும் வரும். டீசல் குழாயின்மீது மாட்டினால் எரிபொருளின் மூலக்கூறுகளை 'ஒழுங்குபடுத்தும்' என்று சொல்லப்படும் காந்தங்கள், தொட்டியில் ஊற்றவேண்டிய திரவங்கள், காற்றுக் குழாயில் செருகும் சுழலிகள் ஆகியவை நெடுஞ்சாலைக் கடைகளில் எளிதில் கிடைக்கின்றன. இவற்றின் குடும்பம் பழையது. எரிபொருளை மிச்சம் பிடிப்பதாக விற்கப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஆராய்ந்திருக்கிறது. குறிப்பிடத்தக்க பயன் தந்ததாக எதுவும் தேறவில்லை. காரணம் எளிது. நல்ல நிலையில் இருக்கும் எஞ்சினுக்குள் செல்லும் டீசல் ஏறக்குறைய முழுவதும் எரிந்துவிடுகிறது. இழப்பு எரியாமையால் நேர்வதன்று; எரிந்து வெளிப்பட்ட வெப்பத்தில் பெரும்பகுதி புகைபோக்கி வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் போய்விடுவதால் நேர்வது. ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ 36 மெகாஜூல் ஆற்றல் அடங்கியிருக்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு அளவே தண்டைச் சுழற்றுகிறது. இந்த விகிதத்தைக் காந்தம் மாற்றாது. மாற்றக்கூடியது அந்த மூன்றில் ஒரு பங்கு எங்கெங்கே விரயமாகிறது என்பதை மட்டுமே.

ஓட்டுநர் காந்தத்தை வாங்கும் நிலையில்தான் இருந்தார். தடுத்தவர் ராஜ்குருநகரில் சிறு பட்டறை வைத்திருக்கும் வயதான மிஸ்த்ரி. "தாதா, நோய் என்னவென்று தெரியாமல் மருந்து வாங்காதீர்கள். முதலில் ஒரு மாதம் எழுதி வாருங்கள்" என்றார் அவர். எழுதுவது என்றால் ஃபுல் டு ஃபுல் முறை. ஒவ்வொரு நடையும் முடிந்து திரும்பும்போது ஒரே பம்பில், ஒரே குழாயில், தானாக நிற்கும்வரை தொட்டியை நிரப்பவேண்டும். போன லிட்டரையும் மீட்டர் காட்டும் கிலோமீட்டரையும் குறிக்கவேண்டும். மீட்டரே பொய் சொல்லலாம் என்பதால் நெடுஞ்சாலையின் கிலோமீட்டர் கற்களோடு அதை ஒருமுறை ஒத்துப்பார்க்கவேண்டும். ஒரு நாளின் எண்ணை நம்பக்கூடாது. தொட்டியில் தங்கும் காற்றும் பம்பில் வண்டி நிற்கும் சாய்வும் அரை லிட்டரைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். இருபது நாள் எண்கள் சேர்ந்தால்தான் அவற்றுக்கு வாய் முளைக்கும்.

நோட்டில் எழுதும் பொறுப்பு மகளுக்கு வந்தது. முதல் வாரத்தில் அவள் ஒரு மாற்றம் செய்தாள். கிலோமீட்டரை லிட்டரால் வகுத்து ஆவரேஜ் எழுதும் பத்தியை அடித்துவிட்டு, ஒரு நடைக்கு எத்தனை லிட்டர் என்பதை மட்டும் எழுதினாள். "பாபா, தூரம் தினமும் ஒன்றுதானே. அதை ஏன் வகுக்கவேண்டும்? காசு கொடுப்பது லிட்டருக்குத்தானே" என்பது அவள் வாதம்.

ஆய்வுலகம் அந்த வாதத்தை வேறு வழியாக அடைந்திருக்கிறது. ரிச்சர்ட் லாரிக், ஜாக் சோல் என்னும் இரு ஆய்வாளர்கள் 2008இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட கட்டுரை, மைலேஜ் எண்ணைப் பார்ப்பவர்கள் எரிபொருள் சேமிப்பைத் தவறாக மதிப்பிடுவதைக் காட்டியது. மைலேஜ் உயர உயர மிச்சமும் அதே வீதத்தில் உயரும் என்று மனம் கருதுகிறது; அப்படி உயர்வதில்லை. ஒரு வீட்டில் லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் மோட்டார் சைக்கிளும் 10 கிலோமீட்டர் ஓடும் பிக்கப்பும் இருப்பதாகக் கொள்ளலாம். மோட்டார் சைக்கிளை 60 ஆக்கினால் நூறு கிலோமீட்டருக்கு மூன்றில் ஒரு லிட்டர் மிஞ்சும். பிக்கப்பைப் பத்திலிருந்து பதினொன்று ஆக்கினாலோ ஏறத்தாழ 0.9 லிட்டர் மிஞ்சும். முன்னதில் பத்து கிலோமீட்டர் கூடியது, பின்னதில் ஒன்றே ஒன்று. ஆயினும் பின்னதன் மிச்சம் ஏறக்குறைய மூன்று மடங்கு. ஐரோப்பிய நாடுகள் பல நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று அளப்பதும், அமெரிக்காவில் 2013ஆம் ஆண்டு மாதிரி முதல் புதிய கார்களின் ஒட்டியில் நூறு மைலுக்கு எத்தனை கேலன் என்னும் எண் சேர்க்கப்பட்டதும் இந்த மயக்கத்தைத் தவிர்க்க உதவுபவை. மிக மோசமாக ஓடும் வண்டியிலேயே திருத்தத்தின் பயன் மிகுதி என்பது இக்கணக்கின் சாரம். பழைய பிக்கப்பை 'இதில் என்ன தேறும்' என்று கைவிடுவது கணக்குக்கு நேர் எதிரானது.

மாத முடிவில் நோட்டு ஒன்றைக் காட்டியது. சராசரி 16 லிட்டர்தான். ஆனால் நாட்கள் இரண்டு வகையாகப் பிரிந்தன. குல்டேக்டி வாசலில் வரிசையில் நின்ற நாட்களில் எண் பதினாறரையை ஒட்டி நின்றது. சரக்கை நேரே ஒரு கிடங்கில் இறக்கிய சில நாட்களில் பதினைந்தை ஒட்டி இறங்கியது. தூரமும் எடையும் மாறவில்லை. மாறியது காத்திருப்பு. வரிசையில் இரண்டு மணி நேரம் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. இத்தகைய டீசல் எஞ்சின் வெறுமனே ஓடும்போது மணிக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை எரிக்கும். நின்ற இடத்தில் நிற்கும் வண்டிக்கு மைலேஜ் சுழியம்.

எஞ்சினை ஏன் நிறுத்தவில்லை? பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கழகம் 1978இல் தொடங்கப்பட்டது. நிற்கும் வண்டியின் எஞ்சினை அணையுங்கள், டயர்க் காற்றைச் சரிபாருங்கள், 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுங்கள் என்று அது பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. ஓட்டுநர் அறியாத அறிவுரை எதுவும் அதில் இல்லை. அவருடைய வண்டியில் பேட்டரி செத்துக்கொண்டிருந்தது. அணைத்தால் செல்ஃப் எடுக்குமா என்பது உறுதியில்லை. வரிசை நகரும் கணத்தில் வண்டி கிளம்பாவிட்டால் பின்னால் நிற்பவர்கள் முந்துவார்கள். ஏலம் தொடங்கிவிட்டால் சரக்கின் விலை விழும். அந்த இழப்பு விவசாயிக்கு, வசவு ஓட்டுநருக்கு. ஆகவே எஞ்சின் அணையவில்லை. புதிய பேட்டரிக்கு 7,000 ரூபாய் வேண்டும். அது கையில் இல்லை. கையில் இல்லாத ஏழாயிரத்துக்காக மாதந்தோறும் மூவாயிரத்துக்கு மேல் புகையாகப் போய்க்கொண்டிருந்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது கெட்ட பழக்கம். உள்ளே இருந்து பார்த்தால் அது முதலீடு இல்லாதவன் கட்டும் வட்டி. சிக்கனம் பற்றிய அறிவுரைகள் பல, சிக்கனமாக இருக்கத் தேவையான முதல் ஏற்கெனவே கையில் இருப்பதாகக் கொண்டே பேசுகின்றன.

மைத்துனரிடம் கைமாற்று வாங்கிப் பேட்டரி மாற்றப்பட்டது. அதே வாரத்தில் மிஸ்த்ரி வண்டியின் மற்ற இடங்களையும் பார்த்தார். சமதரையில் நியூட்ரலில் வைத்துத் தள்ளியபோது வண்டி எளிதாக உருளவில்லை. சிறிது தூரம் ஓட்டி நிறுத்திச் சக்கரங்களின் அருகே கை வைத்தபோது பின்பக்கத்து இடச்சக்கரம் மற்ற மூன்றைவிடச் சுட்டது. உள்ளே பிரேக் ஷூ முழுதாகப் பின்வாங்காமல் டிரம்மை உரசிக்கொண்டிருந்தது. கால் பிரேக்கில் இல்லாதபோதும் வண்டி பிரேக் பிடித்தபடியே ஓடியிருக்கிறது. எஞ்சின் இழுக்க, சக்கரம் தடுக்க, இரண்டுக்கும் நடுவே டீசல் வெப்பமாகியது.

அடுத்தது தெர்மோஸ்டாட். எஞ்சின் வேண்டிய சூட்டை எட்டும்வரை நீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுப்பது அதன் வேலை. எஞ்சின் 'குளுமையாக' இருப்பது நல்லது என்னும் நம்பிக்கையில் பல பட்டறைகளில் அதைக் கழற்றி எறிவது வழக்கம். முந்தைய உரிமையாளரும் கழற்றியிருந்தார். குளிர்ந்த எஞ்சினில் எண்ணெய் கெட்டியாக இருக்கும், உராய்வு கூடும், வெப்பம் உலோகத்தின் வழியே கசியும். மனித உடலுக்குப் போலவே எஞ்சினுக்கும் ஓர் இயல்பான சூடு உண்டு. அதற்குக் கீழே இருப்பதும் நோய்தான். சில நூறு ரூபாயில் அந்த வால்வு மீண்டும் இடத்தில் அமர்ந்தது.

நான்கு டயர்களிலும் காற்று, சுமைக்கு வேண்டிய அளவைவிடச் சராசரியாகப் பத்து பவுண்டு குறைவாக இருந்தது. காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக நசுங்கி நிமிர்கிறது. நசுங்கச் செலவான ஆற்றல் நிமிரும்போது முழுதாகத் திரும்புவதில்லை. எஞ்சியது ரப்பரைச் சூடாக்குகிறது. காற்றழுத்தம் ஒரு பவுண்டு குறைந்தால் சிக்கனத்தில் 0.2 விழுக்காடு குறையும் என்பது கார்களுக்கு அமெரிக்க எரிசக்தித் துறை தரும் அளவு. பத்துப் பவுண்டுக்கு இரண்டு விழுக்காடு. பிக்கப்பில் அதையே கொண்டாலும் மாதம் எட்டு லிட்டர். திருத்துவதற்கான செலவு பம்பில் ஐந்து நிமிடம்.

கடைசியாக வேகம். சரக்கோடு போகும்போது ஓட்டுநர் நிதானமாகவே ஓட்டினார். வெறும் வண்டியாகத் திரும்பும்போது தூக்கம் துரத்த 80இல் ஓட்டினார். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வது. 80 கிலோமீட்டரில் உள்ள காற்றுத் தடையில் 56 விழுக்காடு மட்டுமே 60 கிலோமீட்டரில் உண்டு. பெட்டி வடிவான பிக்கப்புக்கு, அதிலும் கேபின்மேல் இரும்புக் கேரியர் பூட்டிய பிக்கப்புக்கு, இது சிறிய விஷயமன்று. பின்கதவைத் திறந்துவிட்டு ஓடினால் காற்று தடையின்றிப் போகும் என்று அவர் நம்பியிருந்தார். அமெரிக்கப் பிக்கப் ஓட்டுநர்களிடையேயும் நெடுங்காலமாக உலவும் நம்பிக்கை அது. காற்றுச் சுரங்கச் சோதனைகள் காட்டுவது பெரும்பாலும் இதற்கு மாறானது: கதவு மூடியிருக்கையில் தொட்டிக்குள் ஒரு காற்றுச் சுழல் சிறைப்பட்டு நின்றுகொள்ள, மேலே வரும் காற்று அதன்மீது வழுக்கிச் செல்கிறது. கதவு மூடப்பட்டது. கேரியர் பழைய இரும்புக்குப் போனது. திரும்பும் வழியில் தடையற்ற ஐம்பது கிலோமீட்டருக்கு 80க்குப் பதில் 60இல் ஓட்டினால் கூடும் நேரம் பன்னிரண்டரை நிமிடம். 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியை அடுத்து 1974இல் அமெரிக்கா முழுநாட்டுக்கும் மணிக்கு 55 மைல் என்னும் வேக வரம்பை விதித்ததும் இதே கணக்கால்தான். 1995 வரை அந்தச் சட்டம் நின்றது.

மூன்றாம் மாத முடிவில் நோட்டின் சராசரி 13.3 லிட்டர். சாலை மொழியில் சொன்னால் ஆவரேஜ் பன்னிரண்டு. மிஞ்சிய 67 லிட்டரில் பாதிக்கும் மேற்பட்டது எஞ்சினை அணைத்ததால் மட்டுமே கிடைத்தது என்று வரிசை நாட்களின் எண்கள் காட்டின. மற்றவை பிரேக்காலா, தெர்மோஸ்டாட்டாலா, டயராலா, வேகத்தாலா என்பதைத் துல்லியமாகப் பிரிக்க இயலாது. எல்லாம் ஒரே வாரத்தில் செய்யப்பட்டவை. ஆய்வுக்கூடம் ஒன்றை மாற்றி மற்றவற்றை நிலையாக வைத்திருக்கும். தவணை தேதி நெருங்கும் வீடு அவ்வளவு பொறுப்பதில்லை. தீபாவளி வந்தது, வண்டி விற்கப்படவில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் அது வெறும் வெற்றிக் கதையாக நின்றிருக்கும். ஆனால் சிக்கனம் ஒருவர் கையோடு நிற்பதில்லை. வண்டி பன்னிரண்டு கொடுக்கிறது என்னும் செய்தி சந்தையில் பரவியது. அவரே பெருமையோடு சொன்னதுதான். புதிய பருவத்துக்கு வாடகை பேசும்போது கமிஷன் வியாபாரி கூடைக்கு 40 என்பதை 38 ஆக்கினார். "பாவூ, உங்களுக்குத்தான் டீசல் மிச்சமாகிறதே" என்றார். மற்ற வண்டிக்காரர்களுக்கும் அதே 38 விலையானது. இரண்டு ரூபாய் என்பது மாதத்துக்கு 3,750 ரூபாய். ஆறாயிரம் மிச்சத்தில் ஓட்டுநரின் கையில் நின்றது 2,250. பத்து ஆவரேஜிலேயே ஓடிக்கொண்டிருந்த பிறருக்கோ மிச்சமே இல்லாமல் 3,750 நட்டம். ஒருவன் தன் வண்டியைத் திருத்தியதன் பயன் சந்தைக்குப் போயிற்று. திருத்தாதவர்களுக்கு அது தண்டனையாயிற்று. நிலக்கரியைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் எந்திரங்களால் நிலக்கரியின் மொத்தச் செலவு குறையாமல் கூடுவதை 1865இலேயே வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் சுட்டிக்காட்டினார். சிக்கனத்தின் பயன், சிக்கனம் செய்த இடத்திலேயே தங்கிவிடும் என்பதற்கு எந்த விதியும் இல்லை.

சொற்களின் பக்கம் திரும்பவேண்டிய இடம் இது. தமிழில் 'செலவு' என்பது இன்று பணம் கரைவதைக் குறிக்கிறது. பழந்தமிழில் அது பயணம். செல்லுதல் என்னும் தொழிலின் பெயரே செலவு. பொருள் தேடிப் பிரிய நினைத்த தலைவன் தலைவியின் துயர் கண்டு பயணத்தை ஒத்திப்போடுவதை அகத்திணை மரபு 'செலவழுங்குதல்' என்றது. அதன் இணையான 'வரவு' வருகையாக இருந்து வருமானமாயிற்று. ஆக, பிக்கப் ஓட்டுநரின் வாழ்வை ஆளும் இரண்டு அளவுகளும், அதாவது போன தூரமும் போன பணமும், தமிழில் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. மைலேஜ் என்பது ஒரு செலவை இன்னொரு செலவால் வகுத்த எண். 'கொடுக்கிறது' என்னும் வினை மறைத்ததை 'செலவு' என்னும் பெயர் மறைக்கவில்லை. போவது என்றாலே ஏதோ ஒன்று போகிறது.

ஆவரேஜ் என்பதன் பிறப்பு இன்னும் நேரடியாக இந்தக் கதையைத் தொடுகிறது. சொற்பிறப்பியலாளர் பெரும்பாலோர் அதை அரபு மொழியின் 'அவார்' என்னும் சொல்லுக்குக் கொண்டுபோகின்றனர். குறை, சேதம் என்பது அதன் பொருள். மத்தியதரைக் கடல் வணிகத்தில் அச்சொல் இத்தாலிய மொழிக்கும் பிரெஞ்சுக்கும் போய், கப்பலில் நேர்ந்த சரக்குச் சேதத்தைக் குறித்தது. புயலில் கப்பலைக் காக்கச் சிலருடைய சரக்கைக் கடலில் எறிய நேர்ந்தால் அந்த இழப்பை எறியப்பட்டவர் மட்டும் சுமக்கக்கூடாது. கப்பலிலும் சரக்கிலும் பங்குள்ள எல்லோரும் தத்தம் மதிப்புக்கேற்பப் பகிரவேண்டும் என்பது பழைய கடல்வழக்கு. அந்தப் பகிர்வின் கணக்கிலிருந்துதான் 'சராசரி' என்னும் பொருள் பிறந்தது. வழக்கு இன்றும் உயிரோடு இருக்கிறது. 2021 மார்ச்சில் 'எவர் கிவன்' கப்பல் சூயஸ் கால்வாயில் தரைதட்டி மீட்கப்பட்ட பின் அதன் உரிமையாளர் தரப்பு அறிவித்தது இந்த 'பொது ஆவரேஜை'த்தான். கப்பலில் பெட்டி ஏற்றியிருந்தவர்களும் மீட்புச் செலவில் பங்கேற்க நேர்ந்தது.

கடலில் பொது இழப்பைப் பகிர்வதற்குப் பெயராக இருந்த சொல், புனே நெடுஞ்சாலையில் தனியொருவனின் திறமையை அளக்கும் எண்ணாகக் குறுகிவிட்டது. டீசல் விலை 2014 அக்டோபரில் அரசுக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டது. 2017 ஜூன் முதல் நாள்தோறும் மாற்றத்தக்கதாகியது. வாடகையோ பருவத்துக்கு ஒருமுறை வாய்மொழியாகப் பேசப்படுவது. விலை ஏறினால் விவசாயியின் கூடை விலையிலோ வியாபாரியின் கமிஷனிலோ அது பகிரப்படுவதில்லை. முழுதும் ஓட்டுநரின் பதினைந்தாயிரத்திலிருந்து போகும். 'நல்ல ஆவரேஜ் எடுக்கத் தெரியவில்லை' என்னும் பழியும் கூடவே வரும். பொது இழப்பு தனிமனிதக் குறையாக மொழிபெயர்க்கப்படுவது இப்படித்தான்.

மகளின் நோட்டு இங்கே இரண்டாம் முறையாகப் பயன்பட்டது. அதே தடத்தில் ஓடும் ஏழு வண்டிக்காரர்கள் ஒரு மாதம் தத்தம் லிட்டரை எழுதினார்கள். மிஸ்த்ரி ஏழு வண்டிகளின் பிரேக்கையும் காற்றையும் பார்த்தார். சராசரி ஒரு நடைக்கு 14 லிட்டர் என்று வந்தது. 75 கூடைக்கு வகுத்தால் கூடைக்கு 0.187 லிட்டர். டீசல் மூன்று ரூபாய் ஏறினால் ஒரு கூடையின்மீது விழும் சுமை 56 காசு. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்னும் எண்ணால் இந்தப் பேரத்தைப் பேச முடியாது; ஒரு நடைக்கு எத்தனை லிட்டர் என்னும் எண்ணால் பேச முடியும். ஏழு பேரும் சேர்ந்து வியாபாரியிடம் கேட்டது வாடகை உயர்வு அன்று. டீசல் மூன்று ரூபாய் மாறும்போதெல்லாம் கூடைக்கு ஐம்பது காசு மாறவேண்டும். இறங்கினால் இறங்கட்டும் என்பதுதான்.

இரண்டு சந்திப்புகளில் பேச்சு முறிந்தது. மூன்றாவதில் வியாபாரி ஒரு பருவத்துக்கு மட்டும் என்று ஒப்புக்கொண்டார். 38 என்பதை மாற்ற மறுத்துவிட்டார். கிடைத்தது பாதி. பழைய கடல்வழக்கின் அளவுக்கு அது நியாயம் ஆகாது. ஆயினும் விலையேற்றத்தின் சுமை முதன்முறையாக வண்டியை விட்டு இறங்கிச் சந்தைக்குள் ஓரடி வைத்தது. ஒப்பந்தம் ஒரு கூடைச் சீட்டின் பின்புறத்தில் எழுதப்பட்டது. அதில் ஆவரேஜ் என்னும் சொல் எங்கும் இல்லை. 'ஒரு நடைக்கு 14 லிட்டர்' என்பது முதல் வரி. அதன்கீழ் ஏழு கையெழுத்துகள், எட்டாவதாக வியாபாரியுடையது.